வாய்மொழிச் சம்மதம்

சென்ற பொங்கலுக்கு நான் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே பதில்.

டில்லியில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஒரு குடிசைப் பகுதியில், சிறுவர் சிறுமியரின் இரத்தச் சோகையைப் பற்றி எங்கள் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்குள்ளவர்களிடம் பேச ஒரு தமிழன் தேவைப்பட்டான். உயிர்வேதியியல் படிக்க வந்தவனுக்கு மொழிபெயர்ப்பு வேலை! மகிழ்ச்சியோடுதான் போனேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயதைக் கடந்த குழந்தையையும் கேட்க வேண்டும். 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். கேட்பது என் பொறுப்பு.

மூன்றாம் நாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். ஊசியைக் கண்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேணாண்ணா" என்றாள். "சார் எவ்வளவு நேரம் நிப்பாரு? கையை நீட்டுடி!" என்று தாயார் அதட்டினார். நான் என்ன செய்தேன்? எறும்பு கடித்தாற்போலத்தான் இருக்கும் என்றேன். மிட்டாயை எடுத்துக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். 'சம்மதித்தாள்' என்று படிவத்தில் குறித்தேன்.

ஐந்து மில்லி இரத்தம். அவள் அழவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டாள்: "என் இரத்தத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க? எனக்குச் சொல்வீங்களா?"

முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அவள் சொன்ன 'வேணாம்' என்ற சொல்லைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ளத்தானே என்னை அனுப்பியிருந்தார்கள்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குழந்தைகள் பங்கு பெறாமல் குழந்தை வைத்தியம் வளராது. அதில் எனக்கு ஐயமில்லை. ஸால்க் கண்ட போலியோ தடுப்பூசியின் பயன் உறுதியானது, 1954-இல் நடந்த சோதனையில் சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் சேர்ந்ததால்தான். ஆனால் கம்மம் மாவட்டத்துச் செய்தியையும் நான் படித்திருந்தேன். 2009-இல் அங்கே சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, விடுதிகளில் இருந்த பலருக்குக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். 2010-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி நல்லதுதான், இன்று பல நாடுகளில் போடுகிறார்கள். கேட்ட முறைதான் தவறு. காப்பாளர்களைக் குறை கூறியவன் நான். என் சட்டைப் பையில் மிட்டாய்!

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். "மறுபடி போய்க் கேள். வேண்டாமென்றால் அந்தக் குழாயை அப்புறப்படுத்திவிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாளில் வரைந்து காட்டினேன். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை அவை சுமந்து செல்வதையும், இரும்புச் சத்துக் குறைந்தால் சோர்வு வருவதையும் சொன்னேன். "நீ வேண்டாம்னு சொன்னா இப்பவே விட்டுடலாம், யாரும் திட்டமாட்டாங்க" என்றேன். தாயார் வாய் திறக்கவில்லை. நெடுநேரம் யோசித்தவள், "வெச்சுக்குங்க. ஆனா எனக்கு எவ்வளவு இருக்குன்னு வந்து சொல்லணும்" என்றாள்.

முடிவு பொங்கலன்று காலைதான் கைக்கு வந்தது. ஊருக்கு எடுத்திருந்த ரயில் சீட்டை முன்பே ரத்து செய்துவிட்டேன். அவள் வயதில் 11.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விளக்கி, அவளுடைய அளவைச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எதிர்வீட்டுத் தோழிக்கு எவ்வளவு என்று கேட்டாள். அதைச் சொல்லக் கூடாது என்றேன்.

"அப்படின்னா என்னோடதையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

ஆகையால் அந்த எண்ணை இங்கே எழுதவில்லை.