முகம் காட்டாத பாடகர்கள்

பாட்டைக் கேட்குமுன் பாடுபவர் யார் என்று கேட்பது நம் காலத்துப் பழக்கம். அவருடைய ஊரும் உறவும் உடையும் தெரிந்த பிறகே அவர் பாட்டுக்குச் செவி சாய்க்கிறோம். இத்தகைய காலத்தில் முகம் காட்டாமல் பாட வந்த கூட்டம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. சால்ட் என்பது அதன் பெயர். என் நெஞ்சைக் கவர்ந்த அக்கூட்டத்தைப் பற்றி நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

அவர்கள் இசை சோல், ஃபங்க் என்னும் வகைகளைச் சேர்ந்தது. இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த செல்வங்கள். தேவாலயத்தில் இறைவனை நோக்கி எழுந்த குரல், 1950களில் காதலையும் கண்ணீரையும் பாடத் தொடங்கியது, அது சோல். 1960களில் ஜேம்ஸ் பிரவுன், தாளத்தின் முதல் தட்டில் முழு எடையையும் இறக்கி வைத்தார், அது ஃபங்க். ஒன்று நெஞ்சை உருக்கும். மற்றொன்று காலைச் சும்மா இருக்க விடாது.

2019 மே மாதத்தில் சால்ட்டின் முதல் இசைத்தொகுப்பு வந்தது. பெயர் ‘5’. பாடகர் படம் இல்லை, பேட்டி இல்லை, மேடைக் கச்சேரியும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ‘7’ வந்தது. 2021இல் வந்த ‘நைன்’, 99 நாள்களே கிடைக்கும் என்ற அறிவிப்போடு வந்தது. தாளத்தை எதிர்பார்த்திருந்தோருக்கு 2022 ஏப்ரலில் ‘ஏர்’ கிடைத்தது. அதிலோ சேர்ந்திசைக் குரல்களும் வாத்தியப் பேரிசையும்! அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், ஒரே நாளில் ஐந்து தொகுப்புகள். கடவுச்சொல் இட்டுத் திறந்தால் விலையின்றிக் கிடைத்தன. மூன்றரை ஆண்டுகளில் மொத்தம் 11!

“இது விளம்பரத் தந்திரம் அல்லவா, அப்பா? இருப்பதை மறைத்தால் கூட்டம் கூடும் என்பது தெரியாதா?” என்று என் அறைத்தோழர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் மறைவு முழு மறைவன்று. இசையமைப்பாளர் இன்ஃப்ளோ என்பதும், கிளியோ சோல் பாடுகிறார் என்பதும் வெளிவந்துவிட்ட செய்திகள். 2022இல் சிறந்த தயாரிப்பாளருக்கான பிரிட் விருதை இன்ஃப்ளோ பெற்றார்; அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தாம். 2023 டிசம்பரில் லண்டனில் முதன்முறையாகக் கச்சேரியும் நடந்தது. மர்மம் கலைந்த பின்னும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன்?

விடை 2020இல் இருக்கிறது. மே 25 அன்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்த நாளாகக் கொண்டாடப்படும் ஜூன் 19 அன்று, ‘அன்டைட்டில்ட் (பிளாக் இஸ்)’ வெளிவந்தது. கரிய அட்டையில் உயர்த்திய ஒரு கரம். ‘பெயரிடப்படாதது’ என்பதே தலைப்பு! புகழ்பெற்ற ஒருவர் தம் முகத்தோடு பாடியிருந்தால், “எவ்வளவு அழகாக அழுகிறார்!” என்று அவரை வியந்திருப்போம். முகம் இல்லாததால், அந்தத் துயரம் ஒரு மக்களின் துயரமாகவே நம்மை வந்து அடைகிறது.

இந்த வளாகத்துக்கு வந்த நாள்முதல் ஒன்றைப் பார்க்கிறேன். பெயரைக் கேட்டதும் ஊரையும், ஊரைக் கேட்டதும் மொழியையும், மொழியைக் கேட்டதும் நம் சொல்லின் எடையையும் சிலர் அளந்து விடுகிறார்கள். முகம் மறைத்த குரல் அந்த அளவுகோலைப் பிடுங்கிவிடுகிறது என்றே முதலில் மகிழ்ந்தேன். ஊன்றிக் கேட்டபோது வேறொன்று புலப்பட்டது. தம் பெயரை மறைத்தவர்கள் தம் இனத்தின் பெயரை மறைக்கவில்லை. அதை உரக்கச் சொன்னார்கள். தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர்களைப் படித்த நமக்கு, தன்னைப் பின்னிறுத்துவது வேறு, தன்னவரை ஒளிப்பது வேறு என்பது விளங்காமற் போகுமா? மதிக்கப்படுவதற்காகத் தமிழை விழுங்கி நிற்கும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுச் சால்ட்டைக் கேளுங்கள். பாட்டு முடிந்த பிறகும், பாடியவர் யார் என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.