வெளுத்த பார்

வெளுத்த பவளம் படத்தில் நன்றாக வரும். கடலுக்கடியில் கேமரா பிடிக்கிற எங்களில் பலரும் வெளியே சொல்லக் கூசுகிற விஷயம் இது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நான் எடுத்தவற்றில் அதிகம் விலைபோனது, பவளப் பார் சாகத் தொடங்கிய நாளில் எடுத்த படம்தான்.

மண்டபத்திலிருந்து வள்ளத்தில் மனோலித் தீவுப் பக்கம் போயிருந்தோம். தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியோடு நடந்த கணக்கெடுப்பு. படம் எடுப்பது என் வேலை. அங்கே ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான், மேலிருந்தே தெரிந்தது. "என்ன தம்பி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு?" என்றார் வள்ளம் ஓட்டிய மாமா. சுண்ணாம்பு அவர் வாயில் வந்ததில் வியப்பில்லை. பவளத்தை உடைத்துக் காளவாய்க்கு ஏற்றிய கரை இது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்தன. அதன் பிறகும் கொஞ்ச காலம் அந்த உடைப்பு நடந்தது.

இறங்கிய பிறகுதான் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்று புரிந்தது. மான்கொம்புப் பவளம் கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. இடையிடையே சில கிளைகள் ஊதாவாகவும் இளநீலமாகவும் மின்னின. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நிறமும் அவற்றால்தான், சாப்பாட்டில் பெரும்பங்கும் அவற்றால்தான். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் போதும், பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் சதை கண்ணாடிபோல ஆகி, உள்ளே இருக்கும் எலும்பு தெரியும். அப்போது அதற்கு உயிர் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பாசி திரும்பி வரலாம். எங்களுக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

கணக்கெடுப்புப் படத்துக்கு அழகு தேவையில்லை. பாரில் அறைந்த இரும்புக் கம்பியில் எண் கட்டியிருக்கும். அதிலிருந்து அளவுநாடாவை இழுத்து, சதுரச் சட்டத்தை வைத்து, நேர் மேலே நின்று அதே உயரத்தில் எடுக்க வேண்டும். மீன் குறுக்கே வந்தால் காத்திருக்க வேண்டும். உச்சிவெயிலில் வெள்ளை இன்னும் வெளிறி, பவளத்தின் குழிகளே படத்தில் மறைந்துவிடும். ஒளியைக் குறைத்து வைத்துக் காலையிலேயே முடிப்போம்.

மே மாதம் போனபோது அதே கம்பிகளைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக இழைப்பாசி படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் தூசியாகப் பறந்தது. மான்கொம்பு பெரும்பாலும் போய்விட்டது. உருண்டையாக வளரும் பெரும்பவளங்கள் பல தாக்குப்பிடித்தன; அவை வளர்வதோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். கச்சான் காற்று ஏறிக் கடல் கலங்குவதற்குள் மிச்சக் கம்பிகளை முடிக்க வேண்டும் என்று ஓடினோம். அழ நேரமில்லை என்று எழுதினால் நாடகமாகத் தெரியும். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கும், வேலை கெடும்.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த ஆண்டு வளைகுடா முழுக்கப் பார்த்துக் கணக்குச் சொன்னார்கள்: உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியிருந்தது. இப்படியொரு எண்ணுக்குப் பின்னால் இருப்பவை நாடாவும் சட்டமும் தெரியும் மந்தமான படங்கள். ஓர் இதழாசிரியரிடம் மே மாதப் படங்களைக் காட்டினேன். "சேறு மாதிரி இருக்கே, அந்த வெள்ளை இல்லையா?" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. சேறுமாதிரி இருப்பதுதான் சாவு என்பதை அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார், வெள்ளையைக் கொஞ்சம் பெரிதாக.

2024 ஏப்ரலில், உலகப் பவளப்பாறைகள் நான்காம் முறையாகப் பேரளவில் வெளுக்கின்றன என்று அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்தது. அந்த வாரம் வந்த முதல் அழைப்பு ஒரு நாட்காட்டிக்காரருடையது. வெள்ளைப் படம் கேட்டார். கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு: ஏப்ரல் தாளில் அது, மே தாளில் அதே கம்பியின் பழுப்பு.