எந்த வரலாறு?

சுங்கை பூலோவில் வீட்டிலேயே கல்வி பயிலும் என் தங்கை மகளுக்கு வயது பதினைந்து. வரலாற்றுக்கு எந்தப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எனத் தங்கை என்னிடம் வினவினாள்.

2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். ஆகவே தேசியப் பாடநூலையே அடிப்படையாகக் கொள்ளச் சொன்னேன். ஆட்சிமுறைக்கு அரசமைப்புச் சட்டத்தையே நேரில் படிக்கட்டும் என்றேன். மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கும் 152ஆவது பிரிவே, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் வாழ்வு அவ்வரியில்தான் நிற்கிறது.

கூடவே, 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தையும் சேர்த்தேன். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று.

"பெரியம்மா, நம் கொள்ளுத் தாத்தாவும் இறங்கினாரா?" என்றாள் அவள்.

பதில் தெரிந்த என் தந்தை இன்று இல்லை. அவர் இருந்தபோது நான் கேட்கவுமில்லை. வாசகர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் இன்றே கேளுங்கள்.