தென்னை எந்தக் கரையது?

எங்கள் தோட்டத்து மேட்டில் தென்னை கிடையாது. றக்வான டவுனைத் தாண்டித் தேயிலைக்குள் ஏற ஏற, கித்துள்தான் கண்ணில் படும். ஆனாலும் தேங்காய் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ரொட்டிக்குத் துருவல், கறிக்குப் பால், மாரியம்மன் திருவிழாவில் உடைக்கக் குவியல் குவியலாகக் காய் என்று எல்லாம் லொறியில் வந்து இறங்கும்.

இந்தக் கடலோர மரம் இலங்கைக் கரைக்கு உரியதா, யாரோ கொண்டுவந்து நட்டதா? பசிபிக் தீவுகளில் பிறந்தது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். இந்தியக் கரையில் என்றது இன்னொன்று. சொந்தம் எது, வந்தது எது என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குச் சாதாரணக் கேள்வியல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டதும் இதைத்தான். அன்று அவர்களிடம் கடதாசி கேட்டார்கள். மரத்திடம் அப்படிக் கேட்க முடியாது. சான்று அதன் உடம்பிலேயே இருக்க வேண்டும்.

அந்தச் சான்றை எங்கே தேடுவது என்பதை ஹியூ ஹாரிஸ் என்ற தாவரவியலாளர் 1978இல் எழுதிய கட்டுரை காட்டியது. உலகத்துத் தேங்காய்களை அவர் இரண்டு வடிவங்களாகப் பிரித்தார். ஒன்று நீளமானது, முக்கோணமாகத் திரண்ட தடித்த மட்டையும் உள்ளே சிறிய பருப்பும் கொண்டது, மெதுவாக முளைப்பது. மற்றது உருண்டையானது, மட்டை குறைவு, இளநீர் அதிகம், சீக்கிரம் முளைத்துவிடும். சமோவாத் தீவு மக்கள் முன்னதை நியூ கபா என்றும் பின்னதை நியூ வை என்றும் அழைக்கிறார்கள். நீளக் காய் கடலுக்காக ஆனது. தடித்த மட்டை அதை மிதக்க வைக்கும். முளைக்க அவசரப்படாததால் அடுத்த கரை வரை உயிரோடு போகும். 1941இல் ஹவாயில் எட்மண்ட்சன் நடத்திய சோதனையில், கடல்நீரில் 110 நாள் மிதந்த காயும் முளைத்தது. உருண்டைக் காய் மனிதக் கை தேர்ந்தெடுத்து வளர்த்தது.

இதைப் படித்த பிறகு எனக்குத் தேங்காயைவிட மட்டைதான் முக்கியமாகிவிட்டது. டவுனில் ஒரு கடைக்குப் பின்னால், நிலத்தில் நட்ட கூரான கம்பியில் காய் உரித்துக்கொண்டிருந்தவரிடம் உரிக்காத காய்களைக் காட்டச் சொன்னேன். "தேங்காயப் பாத்து வாங்குங்க சேர், மட்டையப் பாத்து என்னா செய்யப் போறீங்க?" என்றார். குவியலில் நீளமானவைதான் அதிகம். இடையிடையே பெரிய உருண்டைகளும் கிடந்தன. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த சான் ரமோன் இனம் இந்த நாட்டில் நடப்பட்டிருக்கிறது. இங்குள்ள நெட்டை மரத்தோடு அதைக் கலப்பினம் செய்தும் இருக்கிறார்கள். கடைக் குவியலை வைத்து மட்டும் ஊரைத் தீர்மானிக்க முடியாது என்பது அங்கேயே புரிந்தது.

மரபணுதான் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பீ கன், லுக் போடுவான், கென்னத் ஓல்சன் மூவரும் உலகம் முழுவதிலும் இருந்து 1,300க்கு மேற்பட்ட தென்னை மாதிரிகளை ஒப்பிட்டு, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தென்னை இரண்டு பெரும் குடும்பங்களாக நிற்கிறது. ஒன்று பசிபிக் பக்கம், தென்கிழக்காசியத் தீவுகளில் பயிரானது; மற்றது தென்னிந்தியா, இலங்கை, மாலைதீவு, இலட்சத்தீவு ஆகியவை சேர்ந்த இந்துக் கடலின் விளிம்பில் பயிரானது. குட்டை மரம், தன் மகரந்தத்தையே ஏற்கும் குணம், உருண்டைக் காய் மூன்றும் பசிபிக் பக்கத்தில் மட்டும் தோன்றியவை. அப்படியானால் நம் நெட்டைத் தென்னை அகதியாக வந்ததல்ல. அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க விருப்பமில்லை.

அந்த நெட்டை மரத்தை அதன் கரையிலேயே பார்க்க, புலுத்தொட்டை வளைவுகளில் ஏறி, தெனியாய, அக்குரஸ்ஸ வழியாகத் தென்கரையிலுள்ள வெலிகமவுக்குப் போனேன். அங்கே பாறையில் செதுக்கிய குஷ்டராஜகல சிலை நிற்கிறது. தோல்நோய் பிடித்த அரசன் ஒருவன் மூன்று மாதம் இளநீரையே குடித்துக் குணமானான் என்பது அதன் கதை; சிலை ஒரு போதிசத்துவருடையது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கதையைவிட மகாவம்சம் எனக்கு உறுதியாகப் பட்டது. முதலாம் அக்கபோதி மன்னன் மூன்று யோசனைப் பரப்பில் தென்னந்தோப்பு வைத்ததை அது சொல்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே தென்னை இங்கே அரசாங்கப் பயிர்.

அந்தத் தென்கரையில்தான் மட்டையைக் களப்பு நீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பாக்கி, கயிறு திரிக்கும் தொழில் வளர்ந்தது. காயைக் கடலில் காப்பாற்றிய அதே தடித்த மட்டையிலிருந்து வந்த கயிற்றால்தான், ஆணியில்லாமல் பலகைகளைத் தைத்து இந்துக் கடலில் கப்பல் ஓட்டினார்கள். கடலோடிகள் நம் பக்கத்துத் தேங்காயை ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மடகஸ்காரில் இரண்டு குடும்பங்களும் கலந்திருக்கின்றன. தென்கிழக்காசியாவிலிருந்து கடல் கடந்து அங்கே குடியேறியவர்கள் தங்கள் காயையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். பிறகு போர்த்துக்கீசர் ஆப்பிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் கரைகளுக்கு எடுத்துச் சென்றார்கள். இன்று கரீபியன் தீவுகளின் கரையில் நிற்கும் தென்னை, பக்கத்திலிருக்கும் பனாமாவின் பசிபிக் கரைத் தென்னைக்கு உறவல்ல. வெலிகமவில் நான் கண்ட நெட்டை மரத்துக்குத்தான் உறவு.