நூறு மில்லிலீற்றர் கணக்கு

காங்கேசன்துறைப் புகையிரதத்தில் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளைகளின் கைகளில் மென்பானப் போத்தல்களைக் காண்கிறேன். சிலர் காலாவதித் திகதியைப் பார்ப்பார்கள், அத்துடன் சரி. போத்தலில் இருக்கும் நிறக் குறியீட்டை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இலங்கையில் மென்பானங்களுக்கு அக்குறியீடு 2016 ஆகஸ்டில் கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. 2019 இல் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் இம்முறை வந்தது.

சூட்சுமம் அந்த 100 இல்தான் இருக்கிறது. 10 கிராம் சீனியுள்ள பானத்துக்குச் செம்மஞ்சள் நிறமே கிடைக்கும். ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடிப்பவர் 40 கிராம், அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி சீனியை உட்கொள்கிறார். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இத்தகைய சீனி 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டலின் கணக்கு.

1990 இல் இவ்வூரைவிட்டு இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நிவாரண மாவையும் பருப்பையும் சீனியையும் உண்டு வாழ்ந்தனர். கிடைத்ததைக் கேள்வியின்றி உண்பதே அன்றைய நியாயம். அப்பழக்கம் நம் வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. தெரிந்தெடுக்கும் வசதி வாய்த்த பேரப்பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டதையே முதலில் வாசிக்கவேண்டும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். போத்தலைத் திருப்பிப் பார்த்து ஒரு பெருக்கல் செய்ய மாணவரைப் பழக்கினாலே ஊட்டச்சத்துக் கல்வியில் பாதி முடிந்துவிடும். நீரிழிவு வந்தபின் வைத்தியர் சொல்லித்தரப்போவதும் இதே கணக்கைத்தான்.