சமயநல்லூர் பஸ்ஸில் ஒரு காலி சீட்!

சமயநல்லூர் தெரியுமா பாஸ்? மதுரையில் இருந்து திண்டுக்கல் ரோட்டைப் பிடித்தால் ஃபாத்திமா காலேஜ், விளாங்குடி, பரவை... அடுத்து எங்க ஊர்தான். குட்டியா ஒரு ரயில்வே ஸ்டேஷன், லாரிகள் பறக்கிற ஹைவே, கொஞ்சம் தள்ளிப் போனா வயக்காடும் வைகையும். 'இதெல்லாம் ஒரு டூர் ஸ்பாட்டா?'னு கேக்காதீங்க. நான் சொல்லப்போறது இங்க இருந்து கோரிப்பாளையம் வரைக்குமான ஒரு டவுன் பஸ் பயணத்தைப் பற்றி!

காலையில காலேஜ் கூட்டம், ஆபீஸ் கூட்டம், பரவை மார்க்கெட்டுக்குப் போற கூடைகள்னு பஸ் பிதுங்கும். படியில நாலு பேர் தொங்குவோம். ஆனா உள்ளே ஒரே ஒரு சீட் மட்டும் காலியாவே வரும். திருநங்கை அக்கா ஒருத்தங்க உட்கார்ந்திருக்கிற சீட்டுக்குப் பக்கத்து சீட்!

உண்மையைச் சொல்லிடுறேன். அந்த சீட்டைக் காலியா வெச்சதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் அவங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும், 'அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்'னு முணுமுணுத்துட்டு எழுந்து படிக்கட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் முக்கால் மணி நேரம் அங்கேயே தொங்கினேன். அவங்க பார்த்துட்டுத்தான் இருந்தாங்க.

அடுத்த வாரம் செமஸ்டர் லேப். விடிய விடிய ரெக்கார்டு எழுதின களைப்பு. வேற வழியில்லாம அந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவங்க மடியில் ஒரு நோட்டு, கையில் மொபைல். கொஞ்ச நேரத்தில், "தம்பி, இன்ஜினியரிங் படிக்கிறியா? இந்த எக்ஸெல்ல கூட்டல் மட்டும் தப்பாவே வருது. என்னான்னு பாரேன்"னாங்க. பார்த்தேன். ஒரு வரிசை விட்டுப்போயிருந்தது. சரி பண்ணிக் கொடுத்தேன்.

"தேங்ஸ்ப்பா. போன வாரம் எந்திரிச்சுப் போனது நீதானே?"

ஆரப்பாளையம் வர்ற வரைக்கும் நான் தலை நிமிரவே இல்லை.

ஒரு கண்டிஷன்!

அக்கா ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். திருநங்கைகளைத் தேடிப்போய் ஹெச்.ஐ.வி. பற்றிப் பேசுவது, ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போவது, தொற்று இருப்பவர்கள் மாத்திரையை விடாம பார்த்துக்கொள்வது... இதுதான் வேலை. "உங்ககூட ஒரு நாள் வரலாமாக்கா?"னு கேட்டேன். "வா. ஆனா போட்டோ எடுக்கக் கூடாது. பேர் எழுதக் கூடாது. யார் வீடு எங்கன்னு மூச்சு விடக் கூடாது" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அக்காவுக்கும் பெயர் கிடையாது.

முதல் வீட்டுக்குப் போனது காலை 11 மணிக்கு. ஏன் அவ்வளவு லேட்டுன்னா, ராத்திரி வேலைக்குப் போறவங்க அப்பத்தான் எழுந்திரிப்பாங்களாம். உள்ளே போனதும் அக்கா ஹெச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்ட்டியாடி? வீட்டு ஓனர் இன்னும் வாடகையை ஏத்துறேங்கிறாரா?"னு ஆரம்பித்தார். டீ வந்தது. அம்மா போனில் பேசினாளா, ரேஷன் கார்டு என்னாச்சு... எல்லாம் முடிந்து வெளியே கிளம்பும்போதுதான், "ஆறு மாசம் ஆச்சு. வியாழக்கிழமை டெஸ்ட்டுக்குப் போகணும், ரெடியா இரு" என்றார்.

"டெஸ்ட்டைப் பத்தி முதல்லயே சொல்லலாமேக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு வான்னு சொன்னா எவளும் வரமாட்டா தம்பி. சாப்ட்டியான்னு கேக்குறவ கூப்பிட்டா வருவா."

நெட்வொர்க்ஸ் பேப்பரில் 'லாஸ்ட் மைல்'னு படிச்சிருப்போம். எவ்வளவு பெரிய கேபிள் போட்டாலும் கடைசி வீட்டுக்கு ஒயர் போகலைன்னா சிக்னல் இல்லை. அரசாங்கத்துகிட்ட டாக்டர் இருக்கார், மாத்திரை இருக்கு, கிட் இருக்கு. அந்தக் கடைசி ஒயர், அக்கா!

ஏன் இவங்களுக்குத் தனியா?

எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. 2017-ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஹெச்.ஐ.வி. இருந்தவர்கள் சுமார் 0.22 சதவிகிதம். அதே ஆண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய கண்காணிப்பில், திருநங்கைகள் மத்தியில் அது 3.14 சதவிகிதம். பதினான்கு மடங்கு!

காரணம் உடம்பில் இல்லை. பதினைந்து வயசில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, படிப்பு நின்று, வேலை கிடைக்காமல், கடை கேட்கவோ பாலியல் தொழிலுக்கோ போகிற நிலைமை. ஆணுறை வேணும்னு வாதாடினால் அடி விழும், காசு போகும். உடம்புக்கு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக பயம். அக்கா ஒருமுறை காய்ச்சலோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று முடிவாகாமல் வராந்தாவிலேயே ஒரு ராத்திரி படுக்க வைத்தார்களாம். "அப்புறம் மூணு வருஷம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கல. அந்த மூணு வருஷத்துல எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பரவை மார்க்கெட் பக்கம் இன்னொரு வீடு. அங்கே அக்கா விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிற டெஸ்ட்டைப் பற்றி விளக்கினார். பயிற்சி பெற்ற களப்பணியாளரே இதைச் செய்யலாம். இது முதல்கட்ட சோதனை மட்டும்தான். அதில் தொற்று இருக்கலாம்னு காட்டினால், அரசு 'நம்பிக்கை மையத்தில்' வெவ்வேறு கிட் வைத்து மூன்று முறை பார்த்தபிறகுதான் உறுதி செய்வார்கள். "ஒரு கோடு வந்ததுக்கே உசுர விடத் துணிஞ்சவளுக இருக்காங்க. அப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். திட்டப் பணம் வராமல் மூன்று மாதம் சம்பளமே இல்லாமல் சொந்தக் காசில் அலைந்த கதையும் சொன்னார்.

பணம் நின்றால் என்னாகும்? ஹைதராபாத்தில் 2021-ல் திருநர்களே நடத்தும் 'மித்ர்' கிளினிக் தொடங்கியது. அமெரிக்க நிதி உதவி நிறுத்தப்பட்டதும் 2025 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அப்புறம் 'சப்ரங்' என்ற புதுப் பெயரில், டாடா டிரஸ்ட்ஸ் உதவியோடு திறந்தார்கள். கிளினிக்கைத் திரும்பத் திறந்துடலாம். இடையில் மாத்திரையை விட்டவரைத் தேடிப்பிடிக்க ஆள் வேணுமே!

கொஞ்சம் ரீவைண்ட்...

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில், 1986-ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா தன் ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அதில் ஆறு பெண்களுக்குத் தொற்று உறுதியானது. அடுத்த வருஷமே தனக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டவர் திருநங்கை நூரி. எய்ட்ஸில் இறந்துபோன தன் நண்பர்களின் பெயர்களின் முதல் எழுத்துக்களைக் கோத்து 'எஸ்.ஐ.பி.' என்று ஒரு டிரஸ்ட் தொடங்கி, ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகளைச் சென்னையில் வளர்த்தார்.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. 2008-ல் தமிழக அரசு அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. (அப்போது அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது.) 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அந்த வருஷமே நம்ம மதுரையில் திருநங்கை பாரதி கண்ணம்மா நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். மதுரையில் பிறந்து வளர்ந்த நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஒரு திருநங்கையின் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று 2019-ல் தீர்ப்பு சொன்னதும் நம்ம மதுரைக் கிளைதான்!

பஸ்ஸிலும் மாற்றம் வந்தது. 2021-ல் சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகி, அந்த வருஷமே அது திருநங்கைகளுக்கும் வந்தது. "டிக்கெட் செலவு மிச்சம். பக்கத்து சீட்டுதான் இன்னும் மாறல" என்று சிரித்தார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோரிப்பாளையம் ஸ்டாப்

ஆரப்பாளையத்தில் பஸ் மாறி, வைகைப் பாலம் தாண்டி கோரிப்பாளையம். எதிரே அரசு ராஜாஜி மருத்துவமனை. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க ஒரு தங்கச்சியை அக்கா அழைத்து வந்திருந்தார். 'தங்கச்சி' ஜமாத் உறவு. ரத்த உறவு கைவிட்ட இடத்தில் குரு, சேலா, அக்கா, தங்கச்சி என்று இவர்களே கட்டிக்கொண்ட குடும்பம். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே யார் போகிறார்கள் என்று பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

காத்திருந்த நேரத்தில் அக்கா எடுத்த கிளாஸ், நம்ம எந்த செமஸ்டரிலும் வராதது. ஹெச்.ஐ.வி. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பரவாது. இப்போ தொற்று உறுதியானதும் சிகிச்சை தொடங்கிடலாம். முன்பு மாதிரி எதிர்ப்பு சக்தி குறையட்டும்னு காத்திருக்க வேணாம், 2017-லேயே அது மாறிடுச்சு. மாத்திரையை விடாம சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. ஹார்மோன் எடுக்கிற திருநங்கைகள், 'ரெண்டும் சேர்ந்தா ஹார்மோன் வேலை செய்யாதோ'னு பயந்து ஏ.ஆர்.டி.யை நிறுத்திடுறாங்களாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

திடீர்னு என் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் எழுதப்போற. நீ டெஸ்ட் எடுத்திருக்கியா?"

"நானா? எனக்கு எதுக்குக்கா?"

"பாத்தியா... 'எனக்கு எதுக்கு'. நாங்கன்னா எடுக்கணும், நீங்கன்னா எதுக்கு?"

சுருக்குனு குத்தியது. அடுத்த திங்கட்கிழமை ஒரு நம்பிக்கை மையத்துக்குத் தனியாகப் போனேன். காசு கிடையாது. 18 வயசு ஆகியிருந்ததால் அப்பா, அம்மா கையெழுத்தும் கேட்கவில்லை. முதலில் ஆலோசகர் பேசினார், சம்மதம் கேட்டார், அப்புறம்தான் ரத்தம் எடுத்தார்கள். சமீபத்தில் ஏதாவது ரிஸ்க் இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கணும் என்றார். ரிசல்ட் வர்ற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் பாருங்க... 'தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?'னு வாசலையே பார்த்துக்கிட்டு! எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது. அக்காவுக்கு பஸ்ஸில் தினமும் அதே பார்வைதான்.

ரிசல்ட் என்னன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டாங்க. சொல்லலை. உங்களுக்கும் சொல்லப்போறதில்லை. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் பண்ணக் கூடாது, ஒருத்தரோட நிலையை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையோ, படிப்போ, வாடகை வீடோ மறுக்கக் கூடாது. உங்க கேங்கில் யாருக்காவது சந்தேகம்னா 1097-க்கு போன் போடச் சொல்லுங்க. காசு இல்லை, பேரும் சொல்ல வேண்டாம்.

இப்பவும் அதே பஸ்தான். போன வாரம் நான் ஏறும்போது அக்கா பக்கத்து சீட்டில் பரவைக்குப் போகிற ஒரு பாட்டி, கூடையைக் காலுக்கடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு இடமில்லை. முதன்முறையா சந்தோஷமா படியில தொங்கிட்டுப் போனேன்!