ஆகாய கங்கைக்குச் செல்லும் படிகள்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்று வகுத்தனர் நம் முன்னோர். வடகிழக்குப் பருவமழை மலைகளை நனைத்திருக்கும் அந்நாட்களில், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அருவிகள் பெருகி விழும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களின் வழியே சென்றால் அறப்பளீஸ்வரர் திருக்கோயிலை அடையலாம். தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றான இங்கே, அறம்வளர்த்த நாயகியுடன் இறைவன் எழுந்தருளியுள்ளான்.

கோயிலருகே ஓடும் ஐயாறு, செங்குத்தான பாறைகளுக்கிடையே ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அருவியின் அடிவாரத்தை அடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர் அத்தனை படிகளையும் மீண்டும் ஏற வேண்டும்.

கணவரின் ஆண்டுத் திதி முடிந்தபின் வந்த முதல் கார்த்திகையில், 71 வயது மூதாட்டி ஒருவர் தம் மகள் வயிற்றுப் பேரனுடன் அங்கே வந்தார். தம்பதியர் இருவரும் ஆண்டுதோறும் வந்த தலம் அது. அருவியில் நீராடிய பின்னரே சுவாமி தரிசனம் என்பது அவர்கள் காத்துவந்த நியமம்.

இருநூறு படிகள் இறங்குவதற்குள் அவருடைய முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. பாசி படிந்த படிகள் வழுக்கின.

"அம்மாயி, என்ற கையப் புடிச்சுக்கங்க, மெல்லப் போயரலாம்" என்றான் பேரன்.

"எறங்கிருவேன் கண்ணு, திரும்ப ஏறோணுமே! நீ போயிட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, கைப்பிடியைப் பற்றியபடி மேலே திரும்பினார்.

கோயில் வாசலுக்கு வந்தவர் உள்ளே செல்லவில்லை. நியமம் தவறிய பின் எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பது என்று கண் கலங்கி அமர்ந்திருந்தார். அருகே மிளகு விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் பெண்மணி காரணம் கேட்டறிந்து, "இந்த ஆத்துத் தண்ணிதானுங்க அங்க போயி விழுகுது. சாமியத் தாண்டித்தான் அருவிக்கே போகுது" என்றாள்.

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. அருவி எங்கே விழுகிறது என்பதையே அத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தார். எங்கிருந்து வருகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எழுந்து ஆற்றங்கரைக்குச் சென்றார். கணவரை நினைத்து மூன்று முறை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அறுத்த மீனைப் பொருத்தி உயிர் கொடுத்த பெருமான் என்று அத்தலத்து இறைவனைப் போற்றுவது மரபு. அவரும் ஆற்று மீன்களுக்குப் பொரியிட்டார். பின்னர் சந்நிதிக்குச் சென்று கண்குளிர வணங்கினார்.

உச்சிப்பொழுது கடந்து பேரன் மூச்சிரைக்க ஏறி வந்தான். சுவர்போல் சூழ்ந்து நிற்கும் பாறைகளையும், நெருங்குமுன்னே உடலை நனைத்துவிடும் சாரலையும் வியந்து பேசினான். செம்பில் கொண்டுவந்த அருவி நீரை நீட்டினான். அதில் சிறிது பருகிவிட்டு, மீதியை அவன் தலையில் தெளித்து, "அடுத்த வருசமும் நீ எறங்கிப் போ கண்ணு, நான் மேல ஆத்துல குளிக்கறேன்" என்றார் அவர்.

முதுமையில் கால்களின் எல்லை குறுகும்போது, நெடுநாள் காத்த நியமங்களும் கைநழுவுவது கண்டு மனம் வருந்துகிறது. ஆயினும் ஆயிரம் படிகளுக்குக் கீழே விழும் அதே நீர், நடக்க இயலாதவருக்காகவும் மேலே கோயிலருகே ஓடுகிறது. இயன்ற அளவு சென்று, நின்ற இடத்தில் கைகூப்புவதும் நியமமே.